டெப்த் கேமராவில் கறுப்பாக விழும் இடங்களை அடைக்கலாமா?

கேள்வி | 2024 பிப்ரவரி 3

அஜூர் கினெக்ட் டெவலப்பர் கிட் (தொலைவை அளக்கும் மைக்ரோசாஃப்ட் கேமரா) ஒன்று, இன்னொருவர் பயன்படுத்தியது, கைக்கு வந்திருக்கிறது. மடிக்கணினியில் இணைத்து, மேசைமேல் வைக்கும் அட்டைப்பெட்டிகளின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளக்க நினைக்கிறேன். வண்ணப் படம் அழகாக வருகிறது. ஆழப் படத்தில்தான் தொல்லை. பெட்டியின் மேல் டேப் ஒட்டிய இடம் ஓட்டையாகத் தெரிகிறது. கறுப்புப் பெட்டி வைத்தால் பெட்டியே இல்லை. மேசையும் சுவரும் சேரும் மூலை வளைந்து நிற்கிறது. போதாக்குறைக்குச் சில நேரம் கேமராவே கணினியிலிருந்து காணாமல் போகிறது. கேமரா பழுதா? ஓட்டைகளை அடைக்க நல்ல ஃபில்டர் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

பிப்ரவரி 3, இரவு

பழுது இல்லை. நீங்கள் சொன்னதில் இரண்டு நோய்கள் கலந்திருக்கின்றன. கேமரா காணாமல் போவது ஒன்று, படத்தில் கறுப்பு விழுவது இன்னொன்று. இரண்டையும் சேர்த்து யோசித்தால் எதுவும் பிடிபடாது. முதலாவதை முடித்துவிட்டு மற்றதற்கு வருவோம்.

கேமராவின் பின்பக்கம் சிறிய விளக்கு ஒன்று இருக்கிறது. பலர் அதைப் பார்ப்பதே இல்லை. வெள்ளையாக நிலைத்து எரிந்தால் எல்லாம் சரி. வெள்ளையாக விட்டுவிட்டு எரிந்தால் மின்சாரம் வருகிறது, ஆனால் யூஎஸ்பி 3 இணைப்பு கிடைக்கவில்லை. செம்மஞ்சளாக விட்டுவிட்டு எரிந்தால் மின்சாரம் போதவில்லை. கேமரா காணாமல் போகும் அந்த நொடியில் விளக்கைப் பாருங்கள். கணினித் திரையில் வரும் பிழைச் செய்தியைவிட அது தெளிவாகப் பேசும்.

இந்தக் கேமரா அதிகபட்சம் 5.9 வாட் இழுக்கும். பெட்டியில் வந்த கேபிளில் மின்சாரம் தனியாகவும் தரவு தனியாகவும் போகும் ஏற்பாடு இருக்கும். பலர் அதை ஒதுக்கிவிட்டு ஒரே சி-டு-சி கேபிளில் இரண்டையும் கொடுக்கப் பார்க்கிறார்கள். அப்படிச் செய்யலாம், ஆனால் அந்த போர்ட் 5 வோல்ட்டில் 1.5 ஆம்பியர் தர வேண்டும். மடிக்கணினி போர்ட்டுகள் எல்லாமே தருவதில்லை. சார்ஜ் செய்வதற்கென்றே விற்கும் சி கேபிள்களில் பல, தரவை யூஎஸ்பி 2 வேகத்துக்குமேல் கடத்தாது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது.

நடுவில் ஹப் (ஒரு யூஎஸ்பி போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி) இருந்தால் எடுத்துவிடுங்கள்.

பிப்ரவரி 5

கேட்டவர் எழுதியிருக்கிறார்: விளக்கு வெள்ளையாக விட்டுவிட்டு எரிந்ததாம். கேபிளை மாற்றியதும் நின்றுவிட்டதாம். முதல் நோய் தீர்ந்தது.

இதே சிக்கலோடு வருகிறவர்களுக்காக இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கேபிளும் மின்சாரமும் சரியாக இருந்தும் அறுபட்டால், கணினியின் யூஎஸ்பி கன்ட்ரோலர் எந்தச் சிப் என்று பாருங்கள். இன்டெல், டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், ரெனெசாஸ் ஆகிய மூன்றையும்தான் மைக்ரோசாஃப்ட் தன் ஆவணத்தில் ஆதரவு உள்ளவையாகக் குறிப்பிட்டது. மேசைக் கணினியில் ஒரே பெட்டிக்குள் இரண்டு விதக் கன்ட்ரோலர்கள் இருப்பது சாதாரணம். பின்பக்கம் ஒரு போர்ட்டில் ஓடாதது பக்கத்துப் போர்ட்டில் ஓடுவதற்குக் காரணம் இதுதான். நான் ஒரு மேசைக் கணினியில் இதை நேரில் பார்த்திருக்கிறேன். முன்பக்கப் போர்ட்டில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அறுபட்டது, பின்பக்கம் மாற்றியபின் நாள் முழுக்க ஓடியது.

பிப்ரவரி 6

இப்போது கறுப்புக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

ஆழப் படம் என்பது புகைப்படம் அல்ல. ஒவ்வொரு பிக்சலும் ஓர் அளவு. 16 பிட் எண், அலகு மில்லிமீட்டர். 800 என்றால் அந்தப் புள்ளி 800 மி.மீ. தொலைவில் இருக்கிறது. 0 என்றால்? தொலைவு பூஜ்யம் என்று பொருள் இல்லை. “எனக்குத் தெரியவில்லை” என்று பொருள். இதை மனத்தில் வாங்காமல் ஒரு வரி நிரலும் எழுதக் கூடாது என்பது என் கட்சி.

கேமரா 850 நானோமீட்டர் அளவிலான அகச்சிவப்பு ஒளியை மிக வேகமாக ஏற்றி இறக்கி அனுப்புகிறது. கிணற்றுக்குள் குரல் கொடுத்து எதிரொலிக்குக் காத்திருப்பது போலத்தான், ஆனால் ஒளியின் வேகத்தில். ஒரு மில்லிமீட்டர் தொலைவுக்கு ஒளி போய்த் திரும்ப ஏறத்தாழ 6.7 பிக்கோவினாடி போதும். அதை நேரடியாகக் கடிகாரம் வைத்து அளக்க முடியாது. அதனால் போன அலைக்கும் வந்த அலைக்கும் உள்ள கட்ட வேறுபாட்டை, அதாவது வந்த அலை எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதை, அளந்து தொலைவைக் கணக்கிடுகிறது. இதை ஒளிப்பயண முறை என்பார்கள். திரும்பி வந்த ஒளி நம்பும்படி இல்லாவிட்டால் 0 என்று எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

எப்போதெல்லாம் நம்ப மறுக்கிறது? ஒளி எட்டாத இடம், ஒளி மிகக் குறைவாகத் திரும்பும் இடம், அளவுக்கு மீறித் திரும்பிச் சென்சார் நிரம்பிவிடும் இடம், ஒரே பிக்சலுக்கு இரண்டு வழிகளில் ஒளி வந்து சேரும் இடம், பக்கத்துப் பிக்சல்களோடு ஒட்டாமல் தனியே துள்ளும் இடம். உங்கள் படத்தில் இவற்றில் மூன்று இருக்கின்றன. மூன்றும் ஒரே கறுப்பாகத் தெரிவதால் ஒரே ஃபில்டர் போதும் என்று தோன்றுகிறது. போதாது.

எஸ்டிகேயோடு (கேமராவுக்கு நிரல் எழுத மைக்ரோசாஃப்ட் தந்த மென்பொருள் தொகுப்பு) வரும் வியூவரைத் திறந்து, ஆழப் படத்துக்குப் பக்கத்தில் அகச்சிவப்புப் படத்தையும் வையுங்கள். அதே இடங்களை அதில் தேடுங்கள். என்ன தெரிகிறது என்று எழுதுங்கள், பிறகு பேசுவோம்.

பிப்ரவரி 8

கேட்டவர் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார். டேப் இருக்கும் இடம் அகச்சிவப்பில் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. கறுப்புப் பெட்டி அதிலும் இருட்டு. மூலை மட்டும் சாதாரணமாகத் தெரிகிறது.

இதுதான் விடை. டேப் கண்ணாடிபோல ஒளியை அப்படியே லென்ஸுக்குத் திருப்பி அனுப்புகிறது, சென்சார் நிரம்பி வழிகிறது. கறுப்புப் பெட்டி ஒளியை விழுங்கிவிடுகிறது. மூலையில் ஒளி சுவரில் பட்டு, அங்கிருந்து மேசையில் பட்டு, சுற்றி வருகிறது. நேராக வந்த ஒளியும் சுற்றி வந்த ஒளியும் ஒரே பிக்சலில் கலப்பதால் தொலைவு கூடுதலாகக் காட்டுகிறது, மூலை வளைகிறது. சில பிக்சல்களில் இந்தக் கலப்பைக் கேமரா கண்டுபிடித்து 0 போட்டுவிடும். கண்டுபிடிக்காத பிக்சல்கள்தான் ஆபத்து. அவற்றில் எண் இருக்கும், ஆனால் அந்த எண் பொய்.

மருந்தும் மூன்று வகை. டேப்புக்கு, கேமராவைச் செங்குத்தாகக் கீழ்நோக்கி வைக்காமல் பத்துப் பதினைந்து டிகிரி சாய்த்து வையுங்கள், பளபளப்பு வேறு பக்கம் போய்விடும். கறுப்புப் பெட்டிக்கு, கேமராவை நெருக்கிக் கொண்டுவாருங்கள், அல்லது நான்கு பிக்சல்களை ஒன்றாக்கும் முறைக்கு மாறுங்கள். மூலைக்கு, மேசையைச் சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள். மேசை வழவழப்பாக இருந்தால் பளபளப்பில்லாத துணி ஒன்றை விரியுங்கள். இதில் ஒன்றுக்கும் ஃபில்டர் தேவைப்படவில்லை பாருங்கள்.

கறுப்பைப் பற்றி ஒரு சொல். கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிவதெல்லாம் அகச்சிவப்புக்குக் கறுப்பு அல்ல. சில கறுப்புத் துணிகள் அந்த ஒளியில் ஏறக்குறைய வெள்ளையாகத் தெரியும். மேசைமேல் எதைப் போடுவது என்று கண்ணை நம்பி முடிவெடுக்காதீர்கள், அகச்சிவப்புப் படத்தைப் பார்த்து முடிவெடுங்கள்.

பிப்ரவரி 8, பின்னர்

படத்தின் நான்கு மூலைகளும் எப்போதும் கறுப்பாகவே இருப்பதாகவும் கேட்டிருந்தார். அதற்கு மருந்து கிடையாது, தேவையும் இல்லை. குறுகிய பார்வை முறையில் ஒளி அறுகோண வடிவில் விழுகிறது, அகலப் பார்வையில் வட்டமாக விழுகிறது. சதுரப் படத்தின் மூலைகளுக்கு ஒளி எட்டுவதில்லை. பெட்டியை நடுவில் வையுங்கள்.

பிப்ரவரி 11

வேறொரு வாசகர் மறுக்கிறார்: “ஓட்டையைப் பக்கத்துப் பிக்சல்களின் சராசரியால் நிரப்புவதில் என்ன தவறு? எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.”

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். டேப்பின் ஓரத்தில் 3×3 பிக்சல்கள் கொண்ட ஒரு சிறு சதுரம். ஐந்து பிக்சல்களில் 800, நான்கில் 0. படத்தை மென்மையாக்கும் சாதாரண ஃபில்டர் ஒன்பதையும் கூட்டி ஒன்பதால் வகுக்கும். 4,000-ஐ 9-ஆல் வகுத்தால் 444. பெட்டியின் மேற்பரப்பு கேமராவை நோக்கி 356 மி.மீ. எழும்பிவிட்டது! அந்த இடத்தில் காற்றைத் தவிர ஒன்றுமில்லை. படத்தைப் பார்த்தால் ஓட்டை அடைபட்டு வழுவழுப்பாகத்தான் தெரியும். உயரத்தைக் கேட்டால் மட்டும் அபத்தமான பதில் வரும்.

“பூஜ்யங்களை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் சராசரி எடுத்தால்?” என்று அவரே அடுத்த கேள்வியையும் கேட்டுவிடுகிறார். டேப்பின் நடுவில் அது பிழைக்கும், ஏனென்றால் சுற்றிலும் ஒரே மட்டம். பெட்டியின் விளிம்பில் பிழைக்காது. ஒரு பக்கம் பெட்டி 800 மி.மீ., மறுபக்கம் மேசை 1,100 மி.மீ. நடுவில் உள்ள ஓட்டையைச் சராசரியால் நிரப்பினால் 950. அந்த உயரத்தில் எந்தப் பொருளும் இல்லை. கேமராவும் விளிம்பில் தானாகவே இப்படிச் சில பிக்சல்களைத் தரும். ஒரே பிக்சல் பெட்டியையும் மேசையையும் சேர்த்துப் பார்ப்பதால் வருவது அது. முப்பரிமாணத்தில் சுழற்றிப் பார்த்தால் பெட்டியின் விளிம்பிலிருந்து மேசைவரை புள்ளிகள் திரைச்சீலைபோல அந்தரத்தில் தொங்கும். பறக்கும் பிக்சல் என்பார்கள். நீங்கள் செய்ய வேண்டியது அவற்றைக் களைவது. ஓட்டையை நிரப்புகிறவர் அவற்றைப் பெருக்குகிறார்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் கருவி அபூர்வம். அந்த நேர்மையை நம் நிரல் முதல் வரியிலேயே அழித்துவிடக் கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

பிப்ரவரி 12

நேற்று எழுதியதற்கு ஓர் எல்லை வகுக்க வேண்டும். திரையில் ஒருவருக்குக் காட்டுவதற்காக மட்டும் என்றால் நிரப்பிக்கொள்ளுங்கள், அழகாக இருக்கட்டும். பின்னணியை மங்கலாக்கும் வேலை, விளையாட்டு, மேடையில் ஒளிச்சித்திரம் போன்றவற்றில் ஓட்டை கண்ணை உறுத்தும். அங்கே நிரப்புவதே சரி. அளக்கும் பாதையும் காட்டும் பாதையும் நிரலில் வேறு வேறாக இருக்க வேண்டும் என்பதுதான் நான் வேண்டுவது. காட்டுவதற்காக நிரப்பிய படத்தை அதே மாறியில் திரும்ப எழுதி, அடுத்த வரி அதையே அளப்பதைப் பிறர் நிரல்களில் அடிக்கடி பார்க்கிறேன். அந்தப் பிழையைத் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு, ஏனென்றால் படம் நன்றாகவே இருக்கும்.

பிப்ரவரி 15

கேட்டவரிடமிருந்து புதுக் கேள்வி: வியூவரில் எல்லாம் ஓடுகிறது, அவரே எஸ்டிகேயின் மூல நிரலிலிருந்து கட்டிய மென்பொருளில் ஆழக் கேமரா தொடங்கவே மறுக்கிறது.

எஸ்டிகே திறந்த மூலம்தான். எம்ஐடி உரிமத்தில் கிட்ஹப்பில் இருக்கிறது. ஆனால் சென்சார் தரும் மூல அலைத்தரவை மில்லிமீட்டராக மாற்றும் டெப்த் எஞ்சின் திறந்த மூலம் அல்ல. அது இருமக் கோப்பாக மட்டுமே கிடைக்கிறது. மூல நிரலைத் தொகுத்தால் அது உடன் உருவாகாது. நிறுவப்பட்ட எஸ்டிகேயின் கோப்புறையிலிருந்து டெப்த் எஞ்சின் கோப்பை எடுத்து உங்கள் மென்பொருள் இருக்கும் இடத்தில் வையுங்கள்.

அந்த எஞ்சின் கணினியின் கிராபிக்ஸ் கார்டில் ஓடுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். லினக்ஸில் அதற்கு ஓப்பன்ஜிஎல் (கிராபிக்ஸ் கார்டிடம் வேலை வாங்கும் மென்பொருள் இடைமுகம்) 4.4 தேவை. திரை இணைக்காத லினக்ஸ் கணினியில் தொலைவிலிருந்து நுழைந்து ஓட்டினால் வண்ணப் படம் வரும், ஆழம் வராது, ஏனென்றால் வரைய ஒரு திரை இல்லை என்று ஓப்பன்ஜிஎல் கைவிரிக்கும். கேமராவை மாற்றிப் பயனில்லை. எந்தத் திரையில் வரைவது என்று சொல்லும் டிஸ்ப்ளே மாறியைச் சரியாக அமையுங்கள்.

லினக்ஸில் இன்னும் இரண்டு. சாதாரணப் பயனருக்குக் கேமராவைத் திறக்க அனுமதி இருக்காது, எஸ்டிகேயோடு வரும் யூடெவ் விதிக் கோப்பை உரிய இடத்தில் வைத்துவிட்டுக் கேமராவைக் கழற்றி மாட்டுங்கள். யூஎஸ்பிக்காக லினக்ஸ் ஒதுக்கும் நினைவகம் இயல்பாக 16 எம்பிதான். ஒன்றுக்குமேல் கேமரா இணைத்தால் அதை உயர்த்தாமல் கதையாகாது.

பிப்ரவரி 15, இரவு

“அகலப் பார்வையில் முழுத் தெளிவோடு 30 ஃபிரேம் கேட்டால் பிழை வருகிறது.” வரத்தான் செய்யும். 1024×1024 முறை 15 ஃபிரேமுக்குமேல் போகாது. வண்ணக் கேமராவின் 4096×3072 முறையும் அப்படியே.

உங்கள் வேலைக்கு அது வேண்டவும் வேண்டாம். குறுகிய பார்வையில் 640×576, 0.5 மீட்டர் முதல் 3.86 மீட்டர் வரை. பெட்டி அளக்க அதுவே ஏற்றது. முன்பு சொன்ன நான்கு பிக்சல் சேர்க்கும் முறையில் 320×288 ஆகிவிடும், எட்டும் தூரம் 5.46 மீட்டராக நீளும். கறுப்புப் பெட்டிக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். விளிம்பு கொரகொரப்பாக வரும் என்பதை மறக்க வேண்டாம்.

பிப்ரவரி 19

எவ்வளவு துல்லியம் எதிர்பார்க்கலாம் என்று பலரும் கேட்பதால் இதைத் தனியாக எழுதுகிறேன்.

நிறுவனம் தந்த விவரக் குறிப்பில் இரண்டு எண்கள் இருக்கின்றன. முறையான பிழை 11 மி.மீ. கூட்டல் தொலைவில் 0.1 சதவீதத்துக்குக் கீழே. தற்செயல் பிழையின் நியமவிலக்கம் (சராசரியைச் சுற்றி எண்கள் சிதறும் அளவு) 17 மி.மீ.க்கு மேற்படாது. இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதுவதால்தான் குழப்பம். தற்செயல் பிழை ஃபிரேமுக்கு ஃபிரேம் ஆடும். ஒரு நொடியில் வரும் 30 ஃபிரேம்களின் எண்களை வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் இடைநிலை எண்ணை எடுத்தால் அது வெகுவாக அடங்கிவிடும் (பூஜ்யங்களை விலக்கிவிட்டு எடுங்கள்). முறையான பிழை ஆடாது. ஆயிரம் ஃபிரேம் எடுத்தாலும் அதே பக்கம் அதே அளவு தள்ளி நிற்கும். ஒரு மீட்டரில் 12 மி.மீ. வரை தள்ளி நிற்க அதற்கு உரிமை இருக்கிறது.

அப்படியானால் பெட்டியை எப்படி அளப்பது? தொலைவை அளக்காதீர்கள், வேறுபாட்டை அளங்கள். மேசையின் தொலைவும் பெட்டி மேற்பரப்பின் தொலைவும் ஏறத்தாழ ஒரே அளவு தள்ளி நிற்கின்றன. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் அந்தப் பிழையில் பெரும்பகுதி தானாகக் கழிந்துபோகும். காலி மேசையை முதலில் பதிவு செய்யுங்கள். அந்தப் புள்ளிகளுக்குச் சரியாகப் பொருந்தும் ஒரு தளத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு பெட்டியை வைத்து, மேற்பரப்புப் புள்ளிகள் அந்தத் தளத்திலிருந்து எவ்வளவு உயர்ந்திருக்கின்றன என்று பாருங்கள். கேமரா சாய்ந்திருந்தாலும் இந்த முறைக்குக் கவலையில்லை.

நீள அகலத்தில் வேறு எல்லை வந்து நிற்கும். குறுகிய பார்வையில் 75 டிகிரி கோணம் 640 பிக்சல்களில் பரவுகிறது. ஒரு மீட்டரில் ஒரு பிக்சலின் அகலம் ஏறத்தாழ 2.4 மி.மீ., இரண்டு மீட்டரில் அதைப்போல் இரட்டிப்பு. விளிம்பில் பறக்கும் பிக்சல்களைக் களைந்தபின் இருபக்கமும் ஒன்றிரண்டு பிக்சல் போய்விடும். அதனால் பெட்டி எப்போதும் கொஞ்சம் சிறியதாக அளக்கப்படும். அளவு தெரிந்த பெட்டி ஒன்றை வைத்து அந்தக் குறையை அறிந்து, கூட்டிக்கொள்ளுங்கள்.

கேமராவை இயக்கியவுடன் அளக்கவும் வேண்டாம். சூடேறும்வரை எண் மெல்ல நகரும். என் மேசையில் அசையாத சுவரை வைத்துப் பார்த்தபோது, அரை மணி நேரம் கடந்த பிறகும் நகர்வு முற்றிலும் நின்றபாடில்லை. அளவு சில மில்லிமீட்டர்தான், ஆனால் காலி மேசையைக் குளிர்ந்த கேமராவிலும் பெட்டியைச் சூடான கேமராவிலும் எடுத்தால் அந்தச் சில மில்லிமீட்டரும் உயரத்தில் போய் ஏறிவிடும்.

பிப்ரவரி 20

ஆழப் பிக்சலில் உள்ள எண், லென்ஸிலிருந்து பொருளுக்கு நூல் பிடித்த தொலைவு அல்ல. கேமரா பார்க்கும் திசையில் எவ்வளவு ஆழம் என்பதுதான் அது. தட்டையான சுவருக்கு நேராகக் கேமராவை வைத்தால் நடுவிலும் ஓரத்திலும் ஒரே எண் வர வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் கோணத்துக்கு மறுபடியும் திருத்தம் போடுகிறவர்கள் தட்டையான மேசையைக் கிண்ணமாக்கிவிடுகிறார்கள்.

பிப்ரவரி 24

பேச்சு வேறு திசைக்குப் போகிறது, போகட்டும். “இரண்டு கண் கேமரா வாங்கியிருந்தால் இந்தத் தொல்லை இருக்காதே, ரியல்சென்ஸ் டி435 போல?” என்று ஒருவர்.

இந்தத் தொல்லை இருக்காது, வேறு தொல்லை இருக்கும். அது இரண்டு லென்ஸ் படங்களை ஒப்பிட்டு, ஒரே புள்ளி எவ்வளவு விலகித் தெரிகிறது என்று பார்த்துத் தொலைவைக் கணக்கிடுகிறது. லென்ஸ்களுக்கு நடுவே 50 மி.மீ. அதே வரிசையின் டி455-இல் 95 மி.மீ. இந்த முறையில் தொலைவு இரட்டிப்பானால் பிழை நான்கு மடங்காகும். இடைவெளியைக் கூட்டினால் பிழை குறையும், ஆனால் மிக அருகில் இருப்பவை பார்வைக்குள் வராது. வெறுமையான வெள்ளைச் சுவரில் ஒப்பிட எதுவும் இல்லாததால் திணறும். அதற்காகவே அகச்சிவப்புப் புள்ளிகளைத் தெளித்து உதவுகிறார்கள். வெயிலில் ஒளிப்பயண முறை தள்ளாடும் இடத்தில் இது நன்றாகவே வேலை செய்யும்.

வெளியே, வெயிலில், அசையும் பொருள் என்றால் இரண்டு கண் கேமரா. உள்ளே, மேசைமேல், பெட்டி என்றால் உங்களிடம் இருப்பதே மேல்.

2010 நவம்பரில் வந்த முதல் கினெக்ட் இந்த இரண்டிலும் சேராது. பிரைம்சென்ஸ் நிறுவனத்தின் முறை அது. தெரிந்த புள்ளிக்கோலம் ஒன்றைத் தெளித்து, அது எப்படிச் சிதைகிறது என்று பார்க்கும். விளையாட்டுக்காக விற்ற அந்தக் கருவியைக் கணினியில் ஓடவைக்க யாராவது திறந்த டிரைவர் எழுதினால் பரிசு என்று மின்னணுப் பாகங்கள் விற்கும் அடாஃப்ரூட் நிறுவனம் அறிவித்தது, கருவி சந்தைக்கு வந்த சில நாட்களுக்குள் டிரைவர் வந்துவிட்டது. இன்று நாம் டெவலப்பர் கிட் என்று அதிகாரபூர்வமாக வாங்குவதற்கெல்லாம் வழி திறந்தது அந்த ஆர்வம்தான். 2013-இல் வந்த இரண்டாவது கினெக்ட் ஒளிப்பயண முறைக்கு மாறியது. 2019-இல் வந்த அஜூர் கினெக்ட் அந்த வழியில் அடுத்தது.

பிப்ரவரி 27

அஜூர் கினெக்ட் விற்பனை 2023 அக்டோபரோடு நின்றுவிட்டதே, இனி இதில் உழைப்பது வீணா என்ற கவலையும் எழுந்திருக்கிறது. வீணில்லை. அதே ஆழத் தொழில்நுட்பத்தோடு ஆர்பெக் நிறுவனம் ஃபெம்டோ போல்ட் என்ற கேமராவை விற்கிறது. பார்வை முறைகளும் அவையே. பழைய எஸ்டிகேக்கு எழுதிய நிரலை அதில் ஓட்டுவதற்கான இடைநிலை மென்பொருளையும் தருகிறார்கள். மைக் வரிசை போன்றவற்றில் வேறுபாடு உண்டு, பெட்டி அளக்க அது குறுக்கே வராது.

ஆனால் இப்போதே செய்ய வேண்டியது ஒன்றுண்டு. எஸ்டிகேயின் நிறுவல் கோப்பு, டெப்த் எஞ்சின், ஃபார்ம்வேர் (கேமராவுக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) மூன்றையும் உங்கள் வன்தட்டில் பத்திரப்படுத்துங்கள்.

மார்ச் 2

கேட்டவர் எனக்கு ஆழப் படங்களை அனுப்பி, டேப்பின் ஓரத்தில் இன்னும் ஏதோ துள்ளுகிறது, பாருங்கள் என்கிறார். பார்த்தேன். அனுப்பியவை வண்ணம் பூசிய ஜேபெக் படங்கள். அவற்றில் எண் இல்லை. நீலம் அருகில், சிவப்பு தொலைவில் என்பதற்குமேல் எதுவும் சொல்ல முடியாது. 16 பிட் ஆழத்தை 8 பிட்டில் அடைத்தாலே ஒரு மில்லிமீட்டர் வேறுபாடுகள் அழிந்துவிடும். ஜேபெக் சுருக்கம் விளிம்புகளைக் கலக்கி, இல்லாத எண்களை உண்டாக்கும். நாம் இவ்வளவு நேரம் காப்பாற்றிய பூஜ்யங்களும் அதில் கரைந்துபோகும்.

எஸ்டிகேயோடு வரும் ரெக்கார்டரில் சில நொடிகள் பதிவு செய்து எம்கேவி கோப்பை அனுப்புங்கள். அதில் வண்ணம், ஆழம், அகச்சிவப்பு எல்லாம் தனித்தனித் தடங்களாக இருக்கும். உங்கள் கேமராவின் கலிப்ரேஷனும் (அதன் லென்ஸ்களுக்கே உரிய அளவுத்திருத்த விவரங்கள்) கோப்போடு இணைப்பாக வந்துவிடும், அது இல்லாமல் பிக்சலை மில்லிமீட்டராக்க முடியாது. தனிப் படம்தான் வேண்டும் என்றால் 16 பிட் பிஎன்ஜி.

மார்ச் 4

எம்கேவி வந்தது. துள்ளுவது டேப் அல்ல. ஆழப் படத்தை வண்ணக் கேமராவின் பார்வைக்கு மாற்றிய பிறகு அளக்கிறார். இரண்டு லென்ஸ்களும் ஒரே இடத்தில் இல்லை, ஆழக் கேமரா வண்ணக் கேமராவைவிட 6 டிகிரி கீழே சாய்ந்தும் இருக்கிறது. ஒன்றுக்குத் தெரியும் இடம் மற்றதற்கு மறைவாக இருக்கும். பெட்டியின் ஒரு பக்கத்தில் நிழல்போல ஒரு பட்டை அதனால் விழுகிறது. தவிர, மாற்றும்போது பக்கத்துப் பிக்சல்களுக்கு இடையே எண்களை இட்டு நிரப்பும் வேலையும் நடக்கிறது, டேப் ஓரத்தில் துள்ளியவை அப்படி வந்தவைதான்.

மாற்றாமல், ஆழக் கேமராவின் பார்வையிலேயே அளங்கள். பெட்டியின் முகவரிச் சீட்டைப் படிக்க வண்ணப் படம் தேவைப்பட்டால், எதிர்த்திசையில் வண்ணத்தை ஆழப் பார்வைக்குக் கொண்டுவாருங்கள். நிறம் சற்று நகர்ந்தால் பாதகமில்லை.

மார்ச் 7

ஆழப் பார்வையிலேயே அளந்ததில் டேப் ஓரத் துள்ளல் நின்றுவிட்டது என்று கேட்டவர் எழுதியிருக்கிறார். கறுப்புப் பெட்டியின் பக்கச்சுவர் மட்டும் இன்னும் ஆழப் படத்தில் விழவில்லையாம், அதற்காக எதிர்ப்புறம் இரண்டாவது கேமரா வைக்கலாமா என்கிறார்.

வைக்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் ஒளி அனுப்பினால் ஒன்றின் ஒளி மற்றதின் அளவைக் கெடுக்கும். பின்பக்கத்தில் இருக்கும் 3.5 மி.மீ. துளைகளைச் சாதாரண ஆடியோ கேபிளால் இணைத்து, ஒன்றை முதன்மையாகவும் மற்றதைத் துணையாகவும் அமையுங்கள். துணைக் கேமராவின் ஆழப் பதிவைக் குறைந்தது 160 மைக்ரோவினாடி தள்ளிவையுங்கள். நிரலில் துணையை முதலில் தொடங்கிவிட்டு அதன்பின் முதன்மையைத் தொடங்குங்கள். இரண்டையும் வேறு வேறு யூஎஸ்பி கன்ட்ரோலரில் மாட்டுங்கள்.

ஆனால் பெட்டியின் மேற்பரப்பும் இரண்டு மூலைகளும் சரியாக விழுந்தாலே மூன்று அளவுகளும் கிடைத்துவிடும். பக்கச்சுவர் கறுப்பாகவே இருக்கட்டும். முதலில் இந்த ஒரு கேமராவை நெருக்கி வைத்து, பிக்சல் சேர்க்கும் முறையில் அந்தப் பெட்டியைப் பதிவு செய்து அனுப்புங்கள். மேற்பரப்பில் எத்தனை பிக்சல் உயிரோடு இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்துவிட்டு இரண்டாவதைப் பற்றி முடிவெடுப்போம்.